வக்கீல் இல்லாத அறையில் நீ பேசியது

அன்புள்ள அருள்,

வருகிற திங்கட்கிழமை காலை உனக்குத் திருமணம். வீட்டில் கால் வைக்க இடமில்லை. உன் பெரியம்மா சமையலறையைத் தன் வசம் எடுத்துக்கொண்டுவிட்டாள், மாடிப்படி முழுக்கச் செருப்பு, குளியலறைக்கு எப்போதும் நாலு பேர் காத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச எனக்கு வழி கிடைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, யார் யாரோடோ நாளெல்லாம் பேசிச் சம்பளம் வாங்கியவள் நான். பெற்ற பிள்ளையிடம் சொல்லவேண்டிய ஒன்றைத் தாளில் எழுதவேண்டியிருக்கிறது, பார். புத்தி சொல்லப் போகிறேன் என்று பயப்படாதே. நீ செய்த ஒரு காரியத்தை உனக்கே எடுத்துச் சொல்லப் போகிறேன், அவ்வளவுதான். செய்தவன் நீ, ஆனால் கூட நின்று பார்த்தவள் நான். செய்கிறவனுக்குத் தன் முகம் தெரியாது. இதை நீ படித்துவிட்டு வேறு யாரிடம் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். என்னைப் போல ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இனி என்ன செய்வது என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவினால் நல்லது.

நீ பேச ஆரம்பித்த வயதிலேயே சொற்கள் உன் தொண்டையில் சிக்க ஆரம்பித்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்லமாட்டாய், கையைத் தூக்குவாய். கடைக்கு அனுப்பினால் வேண்டியதைக் கைகாட்டி வாங்கிவருவாய். கைகாட்ட முடியாத சாமானாக இருந்தால் இல்லை என்று பொய் சொல்லித் திரும்பி வருவாய். யாராவது உன்னிடம் எதையாவது கேட்டால் நீ ஆரம்பிப்பாய், நான் முடிப்பேன். அது அன்பு என்றுதான் நினைத்தேன். உன் அப்பாதான் ஒரே ஒரு தடவை, "அவன் என்ன சொல்ல வந்தான்னு நீ முடிவு பண்ணிட்டா, அவன் எப்பதான் சொல்றது?" என்று கேட்டார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. நீ கல்லூரியில் இருக்கும்போது அவர் போய்விட்டார். அவருக்கு வைத்தியம் பார்த்த நாட்களில் ஆஸ்பத்திரியிலும் மருந்துக்கடையிலும் நான் பட்ட பாட்டை நீ ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால்தானோ என்னவோ, பட்டரவாக்கத்தில் கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும், எனக்கு ஒரு சேலை வரும் என்று நான் எதிர்பார்த்திருக்க, நீ ஒரு ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்தாய். உன் பெயரிலும் என் பெயரிலும் ஒரு மருத்துவக் காப்பீடு. சர்க்கரை இருக்கிறதா, பி.பி. இருக்கிறதா, இதய நோய் இருக்கிறதா என்று அந்த மனிதர் வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அன்றைக்கு அது சத்தியமான பதில். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட விடாமல் நீ பிரீமியம் கட்டிக்கொண்டு வந்தாய். வருஷா வருஷம் நான், "இந்தக் காசுக்கு ஒரு பிரிட்ஜாவது மாத்தியிருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதியில் நின்று, யாருக்கோ காத்திருப்பதுபோல நடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பாட்டுக் குழுவோடு பாடும்போது ஒரு அடியின் நடுவிலேயே காற்று தீர்ந்துவிடும். வயசு, வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீதான் கேட்காமல் இதய டாக்டரிடம் கூட்டிப்போனாய். எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் ஒரு வால்வு சுருங்கி, ரத்தம் போகும் வழி ரொம்பக் குறுகிவிட்டது என்றார். மாத்திரையில் ஓட்டும் கட்டம் தாண்டிவிட்டது, வால்வை மாற்றியே ஆகவேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் பிரிவு என்று ஒரு கவுண்டர் இருந்தது. அங்கிருந்த பெண் எல்லா ரிப்போர்ட்டையும் காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பினாள். மறுநாளே முன் அனுமதி வந்துவிட்டது. கையிலிருந்து எதுவும் கட்டாமல் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று அந்தப் பெண் சொன்னபோது, உன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் முணுமுணுத்ததற்கு அது ஒரு பதில்போல இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்தினம் ஒரு இளம் டாக்டர் பெண் என் கட்டில் பக்கம் உட்கார்ந்து வரலாறு எல்லாம் கேட்டாள். "சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி ஜுரம் வந்திருக்காம்மா?" என்றாள். யோசித்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது முழங்கால் வீங்கி, ஜுரத்தோடு பல நாள் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். அந்த மாதிரி ஜுரம் சிலருக்கு உள்ளே இருந்துகொண்டே வருஷக்கணக்கில் வால்வைக் கெடுக்கும் என்று விளக்கினாள். அட, இத்தனை காலம் கழித்தா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ஒரு வரிதான் பிறகு நம்மை அந்தப் பாடு படுத்தப்போகிறது என்று யாருக்குத் தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நெஞ்சுக்குள் புது வால்வு டிக் டிக் என்று ஓடுவது எனக்கே கேட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று காலையிலேயே நான் சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மதியம் ஆயிற்று, மாலையும் ஆயிற்று. நர்ஸிடம் கேட்டால், "இன்சூரன்ஸ் அப்ரூவல் வரணும்மா" என்றாள். கடைசியில் நீ என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அந்தக் கவுண்டருக்கே போனாய். அந்தப் பெண் எழுந்து நின்றுகொண்டே சொன்னாள், "சார், ஃபைனல் அப்ரூவல் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. முதல்ல குடுத்ததையும் கேன்சல் பண்ணிட்டாங்க. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே நோய் இருந்துச்சாம், மறைச்சிட்டாங்களாம்." நீ ஏதோ கேட்க வாயெடுத்தாய். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. அவள் உன்னை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நானும் வழக்கம்போல உனக்காகக் கேட்டேன், "என்னத்தைம்மா மறைச்சோம்?" என்று. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். நான் சொன்ன அந்த ஒன்பதாம் வகுப்பு ஜுரம் அங்கே இங்கிலீஷில் இருந்தது.

அன்றைக்கு உன் கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்தது முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. போதாததற்கு என் வளையல்கள் அடகுக்குப் போயின. உனக்கு நிச்சயம் செய்திருந்த ரெஜினா வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பேச நான் போனபோது, அவள் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைக் குறை சொல்லமுடியாது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தார். வீட்டுக்கு வந்து, "என் வாய்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு. அந்த டாக்டர் பொண்ணு கேட்டா, நான் பேசாம இருந்திருக்கலாம்" என்று அழுதேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி வெளியே கொண்டுவந்து சொன்னாய்: "டாக்டர்கிட்ட நீ உண்மையைச் சொன்னம்மா. தப்பு பண்ணினது நீ இல்ல." அதைச் சொல்லி முடிக்க உனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அழுதுகொண்டிருந்ததால் நான் குறுக்கே பேசவில்லை. அதனால் உன் வாக்கியத்தை முழுசாகக் கேட்டேன்.

நம்மை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கொண்டுவிட்டது கீழ்வீட்டு ஆட்டோ பாலுதான். விஷயம் கேட்டு அவருக்கு நம்மைவிட அதிகக் கோபம். "இன்னாமா இது, அக்கிரமமா கீது! ஆபரேசன் பண்ணிக்கோன்னு ஓகே சொல்லிட்டு, நெஞ்சைக் கீறித் தச்சப்புறம் நான் துட்டு தரமாட்டேன்னா, வால்வைக் கழட்டித் திருப்பிக் குடுத்துடறதா?" என்றார். உன் பக்கம் திரும்பி, "நைனா, ஆவடியில நமக்குத் தெரிஞ்ச வக்கீலு ஒர்த்தர் கீறாரு. வா, இஸ்துகினு போறேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். கோர்ட்டு, கேஸ் என்று அலைந்து நம்மைப் போன்றவர்கள் என்ன கண்டோம் என்றேன். நீ சட்டையை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் போய் ஏறிவிட்டாய். வேறு வழியில்லாமல் நானும் தையல் வலிக்க வலிக்கக் கூடவே வந்தேன்.

அந்த வக்கீல் நல்ல மனிதர். எல்லாக் காகிதத்தையும் படித்துவிட்டு, இரண்டு வழி இருக்கிறது என்றார். "ஒண்ணு, மாவட்ட நுகர்வோர் ஆணையம். மறுத்த தேதியிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகலாம். உங்களுக்காக நான் வந்து வாதாடறேன். மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேக்கலாம். ஆனா எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது. இன்னொண்ணு, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்னு சொல்வாங்க. கட்டணம் கிடையாது. சீக்கிரமா முடியும். அவர் போடற உத்தரவுக்குக் கம்பெனி கட்டுப்படணும். உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா அப்புறமும் ஆணையத்துக்குப் போகலாம். ஆனா ஒரு விஷயம்…" அவர் உன்னைப் பார்த்தார். உன் பேச்சை அதற்குள் கவனித்திருந்தார். "அங்க வக்கீலுக்கு அனுமதி இல்ல, தம்பி. பாலிசி உங்க பேர்ல இருக்கு. நீங்கதான் பேசணும்." வருஷமானாலும் பரவாயில்லை, இவரே பேசட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "ரெண்டாவது" என்றாய். ஒரே சொல். திக்காமல் வந்தது.

எடுத்ததும் அங்கே போய்விட முடியாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கே எழுதவேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் சொல்லாமல் இருந்தாலோ, ஒரு வருஷத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நீ ஒவ்வொன்றாகச் செய்தாய். போனில் சொன்னால் போதாது என்று, எதற்காக மறுத்தார்கள் என்பதைக் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கினாய். முதலில் கொடுத்த அனுமதியையும் பிறகு ரத்து செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய், இந்த நோய் இப்போதுதான் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, சிறுவயது ஜுரத்தை வைத்து நோயாளிக்கு முன்பே தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று சான்று வாங்கினாய். அந்தப் பெரிய டாக்டரிடம் நேரில் நின்று கேட்க எனக்கே தைரியம் வராது. அவர் வாசலில் காத்திருந்து, நடந்து போகிறவரோடு கூடவே நடந்து கேட்டாயாம். கம்பெனியிலிருந்து அதே பழைய பதில் வந்தது, வார்த்தைகூட மாறவில்லை. உடனே மேலே எழுதினாய்.

விசாரணைக்குத் தேதி வருவதற்குச் சில நாள் முன்பு ஒரு போன் வந்தது. நீ வேலைக்குப் போயிருந்தாய், பாலிசியில் கொடுத்திருந்த நம்பர் உள்ள உன் பழைய போன் என்னிடம் இருந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண், தேன் மாதிரிக் குரல். "மேடம், மனிதாபிமான அடிப்படையில பாதித் தொகை தர்றோம், நீங்க புகாரை வாபஸ் வாங்கிக்கலாம்" என்றாள். நானும் அந்த மாதிரிக் குரலில் பேசித்தான் காலம் தள்ளியவள். ஆனாலும் மயங்கிவிட்டேன். பாதி வந்தால் வளையலை மீட்கலாம், கல்யாணத்தை எளிமையாக முடிக்கலாம், நீயும் யார் முன்னாலும் போய் நிற்கவேண்டாம். உள்ளே ஆழத்தில் எனக்கிருந்தது அந்தக் கடைசிக் காரணம்தான். சாயங்காலம் நீ வந்ததும் சொன்னேன். அன்று ரெஜினாவும் என்னைப் பார்க்க வந்திருந்தாள். நீ அவளைப் பார்த்தாய். அவள் சொன்னாள்: "அத்தை, பாதி வாங்கினா நாம மறைச்சோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? எங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன். எத்தனை மாசம் ஆனாலும் நான் காத்துட்டிருக்கேன்." நீ தலையாட்டினாய். மறுநாள் நீயே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னாய். போனில், அருள். போன் அடித்தால் அடுத்த அறைக்கு ஓடுகிற நீ.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவாய். துணி எடுக்க ஒரு நாள் மெல்ல ஏறி வந்தேன். நீ ஏரிப் பக்கம் பார்த்து நின்றுகொண்டு பேசிப் பழகிக்கொண்டிருந்தாய். "பாலிசி" என்ற சொல்லில் நின்றது. மறுபடி ஆரம்பித்தாய், மறுபடி நின்றது. கோபப்படவில்லை, எதையும் உதைக்கவில்லை. மூச்சை விட்டு, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாய். திக்காமல் பேசப் பழகுகிறாய் என்றுதான் அப்போது நினைத்தேன். நீ பழகியது வேறு. திக்கினாலும் நிறுத்தாமல் முடிக்கப் பழகிக்கொண்டிருந்தாய். அது எனக்கு விசாரணை அறையில்தான் புரிந்தது.

அந்த அறை நான் நினைத்ததுபோலக் கோர்ட் மாதிரி இல்லை. கூண்டு இல்லை, கறுப்புக் கோட்டு இல்லை. ஒரு நீள மேஜை, நாலைந்து நாற்காலி, தண்ணீர் பாட்டில். குறைதீர்ப்பாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார், நரைத்த தலை, நிதானமான முகம். எதிரே காப்பீட்டுக் கம்பெனி சார்பில் ஒரு டாக்டர், உன் வயசுதான் இருக்கும், மடிக்கணினியோடு. அவரும் கெட்டவராகத் தெரியவில்லை. அன்று காலை அவருக்கு இதுபோல இன்னும் பல கேஸ்கள் இருந்திருக்கும். முதலில் அவர் பேசினார். நோயாளிக்குச் சிறுவயதிலேயே இந்த நோய் வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக் குறிப்பில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், விண்ணப்பத்தில் சொல்லவில்லை, முதல் அனுமதி தற்காலிகமானது, விவரம் தெரிந்ததும் ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டு என்று மளமளவென்று சொல்லி முடித்தார். கேட்க எனக்கே நாம்தான் தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றிவிட்டது.

"நீங்க சொல்லுங்க" என்றார் குறைதீர்ப்பாளர். நீ எழுந்தாய். உட்கார்ந்தே பேசலாம் என்றார். உட்கார்ந்தாய். முதல் சொல் வரவில்லை. உன் தாடை இறுகுவது தெரிந்தது, கண் மூடிக்கொண்டது. "எ… எங்க அம்மா… பே… பே…" என்றாய். அந்த டாக்டர் உதவி செய்கிறவர்போல, "பேஷன்ட் ஹிஸ்டரியா? அதைத்தான் நான் சொல்லிட்டேன் சார்" என்றார். நான் என் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அந்த இடத்தில் நான் பேசியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நீ கண்ணைத் திறந்தாய். அவரை நேராகப் பார்த்து, "இல்ல சார். நா… நானே சொல்லி முடிக்கறேன்" என்றாய். குறைதீர்ப்பாளர் கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார். "அவர் முடிக்கட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

பிறகு நீ பேசினாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் எங்காவது நின்றது. நின்ற இடத்தில் நீ காத்திருந்தாய், அவர்களும் காத்திருந்தார்கள். எளிதாக வருகிற வேறு சொல்லைப் போட்டு நீ தப்பித்துக்கொள்ளவில்லை, எந்தச் சொல் தேவையோ அதையே சொன்னாய். அந்த டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "எங்க அம்மா எந்தக் கேள்விக்குப் பொய் சொன்னாங்க? விண்ணப்பத்துல இருக்கற அந்தக் கேள்வியைப் படிச்சுக் காட்டுங்க சார்." அவர் மடிக்கணினியில் மேலும் கீழும் தேடினார். "இதய நோய் இருக்கிறதா" என்ற கேள்வியைப் படித்தார். நீ சொன்னாய்: "ஒன்பதாங் கிளாஸ் பொண்ணுக்கு ஜுரம் வந்துச்சு. யாரும் அவங்களுக்கு இதயத்தைப் பரிசோதிக்கல. இருக்குன்னே தெரியாத நோயை எப்படி சார் மறைக்க முடியும்?" அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நீ கையை லேசாக உயர்த்தினாய், இன்னும் முடிக்கவில்லை என்று. பாலிசியின் ஒரு பக்கத்தை எடுத்து மேஜையில் நகர்த்தினாய். ஐந்து வருஷம் விடாமல் பிரீமியம் கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, முன்பே இருந்த நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்திருந்த விதி. "நா… நாங்க ஆறாவது வருஷத்துல இருக்கோம்" என்றாய். குறைதீர்ப்பாளர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு டாக்டரைப் பார்த்தார். "மோசடிக்கு ஆதாரம் வெச்சிருக்கீங்களா?" என்றார். "ஆஸ்பத்திரிக் குறிப்பு மட்டும்தான் சார்" என்றார் அவர், குரல் இறங்கி.

வெளியே வந்து மாடிப்படியில் நீ உட்கார்ந்துவிட்டாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் உன் தலையில் கை வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அன்றைக்குச் சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன். அந்த அறையில் உன்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள், நான் உட்பட. ஆனால் பேச வேண்டியதைப் பேசியவன் நீ ஒருவன்தான். உன்னைப் பெற்றது எனக்குப் பெருமை என்று பலமுறை நினைத்திருக்கிறேன், தாய்க்கு அது சகஜம். அந்தப் படியில் நான் நினைத்தது அதுவல்ல. இப்படி ஒரு மனிதனை வேறு எங்காவது பார்த்திருந்தாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன்.

உத்தரவு நமக்குச் சாதகமாக வந்தது, வட்டியோடு கொடுக்கச் சொல்லி. கம்பெனி உடனே கொடுத்துவிடவில்லை. நீ மறுபடி எழுதி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கையுறை, பஞ்சு, அது இது என்று பாலிசியில் வராத சிலது நம் தலையில்தான் விழுந்தது. எல்லாம் முழுசாகக் கிடைத்துவிட்டது என்று யாரிடமும் சொல்லாதே, உண்மையைச் சொல். ஆனால் நாம் மறைத்தோம் என்று எழுதியவர்கள், மறைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு பணம் கட்டினார்கள். பாலு தெரு முழுக்க, "நம்ம நைனா ஒண்டியா போய் ஜெயிச்சுகினு வந்துட்டான்பா!" என்று சொல்லிவைத்ததில், கொரட்டூரிலிருந்துகூட ஒருவர் தன் மனைவியின் கர்ப்பப்பை ஆபரேஷன் காகிதங்களை எடுத்துக்கொண்டு உன்னைத் தேடி வந்தார். நீ அவரோடு உட்கார்ந்து, திக்கித் திக்கி, எழுத்தில் காரணம் வாங்குங்கள், காலக்கெடுவை விடாதீர்கள், பாதித் தொகைக்கு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்ததைச் சமையலறையிலிருந்து கேட்டேன். காப்பி ஆறிப்போகும் வரை நான் உள்ளே வரவில்லை.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், நேற்று கோயிலில் ஒத்திகை முடிந்ததும் நீ பங்குத்தந்தையிடம் தனியாகப் போய்க் கேட்டதை அவர் என்னிடம் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்காதே, அன்பினால்தான் சொன்னார். திருமண வாக்குறுதியை முழுசாக நீ சொல்லாமல், அவர் கேள்வியாகக் கேட்க, நீ "ஆம்" என்று மட்டும் சொன்னால் செல்லுமா என்று கேட்டாயாம். செல்லும் என்று சொன்னாராம். நானும் சொல்கிறேன், செல்லும். அதில் ஒரு குறையும் இல்லை. உனக்கு எது மன நிம்மதியோ அதைச் செய். பீடத்தின் முன்னால் நிற்கப்போவது நீ, பின்னால் உட்கார்ந்திருக்கும் நாங்கள் இல்லை.

ஆனால் ரெஜினாவிடம் நீ இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்று காலை பூ விஷயமாகப் போன் செய்தவளிடம் நான்தான் சொன்னேன். அவள் சொன்னாள், "அவருக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம் அத்தை. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். ஆனா எனக்கு ஆசை என்னன்னு கேட்டீங்கன்னா, 'உடல்நலத்திலும் நோயிலும்'னு அவர் வாயால சொல்லிக் கேக்கணும். எவ்ளோ நேரம் ஆனாலும் சரி. எனக்கு வேற எங்கயும் போக வேண்டியதில்ல."

அன்புடன்,
அம்மா